அதே ரத்தத்தில் திருப்பித் தரவும்

மீரஜ்
9 ஜனவரி 1994

அன்புள்ள ஷஹாஜி அண்ணாவுக்கு,

ஹிராவின் நமஸ்காரம். மாலன் அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமா? வாஷியில் குளிர் உண்டா? நான் சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். மீரஜ் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

மாதாமாதம் அதிகமாகப் போகிறது என்று தீபாவளிக்கு வந்தபோது அண்ணியிடம் சொல்லியிருந்தேன். அது கர்ப்பப்பையில் கட்டியாம். எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர் தாயி. "உடம்புல ரத்தமே இல்லையேம்மா. இப்படியே கத்தி வெச்சா நீ மேஜையிலேயே போயிடுவே. முதல்ல ரெண்டு பாட்டில் ரத்தம் கையில இருக்கணும்" என்றார். ரெண்டு பாட்டில்தானே, நம் ஊர் ஆட்களில் இரண்டு பேரை இழுத்து வந்தால் போயிற்று என்று உன் மைத்துனரும் நானும் நினைத்தோம்.

என் சீட்டில் ஓ குரூப் என்று எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த ஓ பாட்டில் ஒவ்வொன்றோடும் என் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. சோதனைக்காரர் என் கட்டிலுக்கே வந்துவிட்டார். "அம்மா, உங்க ரத்தம் யாரோடயும் சேர மாட்டேங்குது" என்றார். "என் மாமியார் பதினஞ்சு வருஷமா அதைத்தான் சொல்றாங்க" என்றேன். அந்த மனிதர் சிரித்துவிட்டார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு மாதிரியைப் பம்பாய்க்கு அனுப்பினார். நேற்று பதில் வந்தது. பல்லாயிரத்தில் ஒருவருக்குத்தான் இந்த ரத்தமாம். முதலில் பம்பாயில் கண்டுபிடித்ததால் பெயரே பம்பாய் குரூப். பார்த்தாயா வேடிக்கையை! நம் வீட்டில் பம்பாய்க்குப் பிழைக்கப் போனவன் நீ, பம்பாய் ரத்தம் எனக்கு.

இன்னொரு வேடிக்கை கேள். காஷியர் பெண்ட்சே பில் கொடுத்தார், இருபத்து மூன்று சோதனைக்கு. என் வீட்டுக்காரர் கவுண்டரில் சண்டை. "ஒண்ணுகூடப் பொருந்தலையே சாகேப்!" என்றால், "பொருந்தினாலும் பொருந்தாட்டியும் சோதனை சோதனைதானே?" என்கிறார். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு பி குரூப். முதல் பாட்டிலே பொருந்திவிட்டது. அவள் ஒரு சோதனைக்குக் காசு கட்டிவிட்டு, ரத்தமும் ஏற்றிக்கொண்டு, நேற்றே வீட்டுக்குப் போய்விட்டாள்.

உஜ்வலாவும் ரஞ்சித்தும் பாட்டி கையில் இருக்கிறார்கள். அண்ணிக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தங்கை
ஹிரா


வாஷி
17 ஜனவரி 1994

ஹிராவுக்கு அண்ணனின் ஆசிகள்.

கடிதம் படித்து மாலன் அழுதாள். மாமியார் பேச்சு வந்த இடத்தில் அழுதுகொண்டே சிரித்தாள். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முதுகில் ஒரு பிடிப்பு, வெங்காய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களில் அது இல்லாதவன் இல்லை.

உன் பில் விஷயத்தை மதியச் சாப்பாட்டின்போது என்னோடு மூட்டை தூக்கும் ஆட்களிடம் சொன்னேன். மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பாண்டுரங் சொன்னான்: "வியாபாரி பிடிக்கலைன்னு திருப்பி அனுப்புற மூட்டைக்கும் நமக்குக் கூலி உண்டில்ல? தூக்கினவன் தூக்கினவன்தான். அந்தச் சோதனைக்காரன் இருபத்து மூணு தடவை உழைச்சிருக்கான்." சரி, அது நியாயம்தான் என்றேன். உடனே கிழவர் ராமு மாமா கேட்டார்: "கூலி உண்டுடா. ஆனா அந்தக் கூலிய மூட்டையா கொடுக்கும்?" இருபத்து மூன்று பேர் உன்னோடு ஒத்துப்போகாததற்கு நீ எப்படிப் பொறுப்பு? அபூர்வமாகப் பிறந்தது ஒரு குற்றமா, அபராதம் கட்டுவதற்கு?

காசை நினைத்துக் கலங்காதே. மணியார்டர் அனுப்பியிருக்கிறேன். ஜோதிராம் மாப்பிள்ளையைக் கவுண்டரில் கத்த வேண்டாம் என்று சொல். காஷியரிடம் கத்தினால் அவர் கூட்டத்தான் செய்வார், கழிக்க மாட்டார். இனி என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்வதை அப்படியே எழுது. ரத்தம் எங்கே கிடைக்கும், யாரைப் பிடிக்க வேண்டும், எல்லாம்.

பேரீச்சம்பழம் சாப்பிடு. ஈரல் பிடிக்காது என்று முகம் சுளிக்காதே.

உன் அண்ணன்
ஷஹாஜி


மீரஜ்
28 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

அங்கே அனைவரும் நலமாக இருக்க வேண்டும். மணியார்டர் வந்தது. ஈரலும் சாப்பிட்டேன், முகம் சுளித்துக்கொண்டே.

நீ கேட்டபடி அப்படியே எழுதுகிறேன். பம்பாய் ரத்த வங்கியில் எப்போதாவது இந்த வகையில் ஒரு பாட்டில் இருக்குமாம். ஆனால் அது கிடைக்க வேண்டுமானால் நாம் அதே வகையில் ஒரு பாட்டில் திருப்பித் தர வேண்டும். சீட்டிலேயே அச்சடித்திருக்கிறது, 'அதே ரத்தத்தில் திருப்பித் தரவும்' என்று. இவர் தலையில் அடித்துக்கொண்டார்: "அதே ரத்தம் எங்ககிட்ட இருந்தா உங்ககிட்ட எதுக்குய்யா வர்றோம்?" டாக்டர் தாயி கோபப்படவில்லை. "அந்த விதி இல்லேன்னா அந்த ஒரு பாட்டிலும் இருக்காதுங்க. முதல்ல வர்றவர் எடுத்துட்டுப் போயிடுவார். அடுத்து வர்றவ பாட்டில் இல்லாம சாவா" என்றார். அண்ணா, அதைக் கேட்டபின் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

பிறகு தாயி கேட்டார்: "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? இது ஒரு வயித்துல பிறந்தவங்களுக்குத்தான் வர வாய்ப்பு அதிகம். நாலுல ஒரு பங்கு." நம் அம்மா அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள் என்று நான் சொன்னதும் தலையை ஆட்டினார். அந்த மாதிரி வீடுகளில்தான் இது வரும் என்றார்.

கூடப் பிறந்தவன் எனக்கு நீ ஒருவன்தான். பரிசோதித்துக்கொள். பொருந்தினால் வந்துவிடு. ஹோலிக்கு முன் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார் தாயி. அதுவரை ஊசி மருந்தில் ஓட்டுகிறார்கள். கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தால் கண் இருட்டுகிறது. பயமாக இருக்கிறது என்று இவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

வரும்போது வெங்காயம் கொண்டுவராதே, இங்கேயும் விளைகிறது. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

ஹிரா


வாஷி
10 பிப்ரவரி 1994

என் ஹிராவுக்கு,

ஆசிகள், ஆசிகள், ஆசிகள். ஜோதிராம் மாப்பிள்ளைக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகம் என்பதை இன்று உண்மையாகவே எழுதுகிறேன்.

எனக்கும் அதே ரத்தம்!

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆயிற்று. முடிவைச் சொன்ன பெண் என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஏதோ வியாதி என்று நினைத்து எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எல்லோரும் அந்தக் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். "இதைப் படத்துல பாத்திருக்கேன், நேர்ல பாக்கிறது முதல் தடவை" என்றான் ஒரு பையன். பார்த்தால் சாதாரணச் சிவப்புதான், ஹிரா. வெங்காயத் தோல் ஒட்டிய சட்டையோடு நான் நிற்கிறேன், கோட்டுப் போட்டவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். நாற்பத்திரண்டு வயதுவரை தோளுக்கு மட்டும்தான் விலை என்று நினைத்திருந்தேன். உள்ளே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உன்னுள்ளும் என்னுள்ளும் ஒன்றே ஓடுகிறது என்பதை நினைத்தால் புல்லரிக்கிறது.

எக்ஸ்பிரஸ் வண்டிபோல வருகிறேன். வரும் திங்கட்கிழமை சாயங்கால அரசு பஸ்ஸில் சீட்டு எடுத்தாயிற்று. செவ்வாய் காலை மீரஜ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை வரச் சொல். திங்கள் மதியம் ரத்த வங்கியில் ஒரு சான்றுத் தாள் தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு நேரே பஸ்.

பயப்படாதே. அண்ணன் இருக்கிறேன்.

ஷஹாஜி


மீரஜ்
21 பிப்ரவரி 1994

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? முதலில் அதைச் சொல். இவர் செவ்வாய்க்கிழமை விடியலிலிருந்து ஸ்டாண்டில் நின்றார். பம்பாய் பஸ் ஒவ்வொன்றாக வந்தது. புதன்கிழமையும் போய் நின்றார். விபத்து ஏதாவது நடந்துவிட்டதோ என்று செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தோம்.

சனிக்கிழமை மணியார்டர் வந்தது. கூப்பனில் 'நலம்' என்று ஒரு வார்த்தை, உன் கையெழுத்தில். யார் நலம், அண்ணா? நான் இல்லை.

என்ன நடந்தது என்று உடனே எழுது. வேலை விடவில்லையென்றால் சொல், உடம்பு சரியில்லையென்றால் சொல். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன்.

ஹிரா


வாஷி
1 மார்ச் 1994

ஹிராவுக்கு ஆசிகள்.

உடம்பு எப்படி இருக்கிறது? நாங்கள் நலம். என்னால் இப்போதைக்கு வர முடியாது. மே மாதம் பாதிக்குமேல்தான் முடியும். காரணம் கேட்காதே, நேரில் சொல்கிறேன்.

ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று டாக்டரிடம் கேள். உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. வேறு ஆள் ஏற்பாடு செய்கிறேன், நிச்சயம் வருவார். உடம்பை வருத்திக்கொள்ளாதே. எழுந்து நடக்காதே. உடம்பு எப்படி இருக்கிறது?

ஷஹாஜி


மீரஜ்
7 மார்ச் 1994

அண்ணா,

பத்து வரியில் மூன்று முறை உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறாய். மோசமாக இருக்கிறது. சனிக்கிழமை நிறையப் போய்விட்டது. இனித் தள்ளிப்போட முடியாது என்கிறார் தாயி. ரத்தம் வந்தாலும் வராவிட்டாலும் இன்னும் பத்து நாளில் கத்தி வைத்துவிடுவார்கள்.

"நூறு கிலோ மூட்டை தூக்குற ஆளு, ஊசியைப் பாத்து ஓடிட்டான் உங்கண்ணன்" என்கிறார் இவர். நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்வதற்கு என் கையில் நீ என்ன கொடுத்திருக்கிறாய்?

ஒன்று மட்டும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உஜ்வலாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த விடாதே. தாய்மாமன் சொன்னால்தான் இந்த வீட்டில் கேட்பார்கள். அதையாவது செய்.

ஹிரா


மீரஜ்
30 மார்ச் 1994

அன்புள்ள ஷஹாஜி அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கும் ஹிராவின் நமஸ்காரம். அண்ணிக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள். ஹோலிக்குப் பூரணப்போளி செய்தாளா அண்ணி? எனக்குக் கஞ்சிதான், அதுவும் அமிர்தமாக இருந்தது.

ஆபரேஷன் பதினெட்டாம் தேதி ஆயிற்று. இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது. ஒன்று பெல்காமிலிருந்து வந்த பள்ளிக்கூட டீச்சருடையது. பெயர் பிரமிளா என்று மட்டும் சொன்னார்கள். முதல் பஸ்ஸில் வந்து, கொடுத்துவிட்டு, பரீட்சை வேலை இருக்கிறது என்று அடுத்த பஸ்ஸில் போய்விட்டாராம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் உடம்பில் ஓடுகிறார், வீதியில் எதிரே வந்தால் எனக்குத் தெரியாது. இதை இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன், அப்போதும் நம்ப முடியவில்லை.

இன்னொருவர் குஹாகர் கடற்கரைக்காரர், கங்காராம் ஷிக்வண். மாந்தோப்புக் காவல்காரர். சீசன் தொடங்கும் நேரத்தில் தோப்பை விட்டுவிட்டு, மலை இறங்கி ஏறி மூன்று பஸ் மாறி வந்திருக்கிறார். கொங்கணத்து ராகத்தில் இழுத்து இழுத்துப் பேசுகிறார். ரத்தம் கொடுத்தபின்னும் ஊருக்குப் போகவில்லை. "குடுத்த ரத்தம் குடியேறிச்சான்னு பாத்துட்டுத்தான் போவேன்" என்று வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். இவர் கையில் பணத்தோடு போய் நின்றபோது சிரித்தாராம். "இர்ஜிக் உழவுக்குக் கூலி உண்டா பாவ்? மாடில்லாதவன் நிலத்துல ஊரே ஏர் கட்டி இறங்குது. உழுதவனுக்குச் சோறுதான் போடுவாங்க. எனக்கும் சோறு போடு." நாத்தனார் அன்றே மட்டன் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்தாள். மனிதர் சாப்பிட்டதைப் பார்த்து ஆயாக்கள் எல்லாம் கதவருகே வந்து நின்றார்களாம்.

மூன்றாம் நாள் பில் வந்தது. அதில் 'அபூர்வ குரூப் - தனிக் கட்டணம்' என்று ஒரு வரி. கங்காராம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இவரோடு கவுண்டருக்குப் போனார். நடந்ததை இவர் எனக்கு நடித்தே காட்டினார்.

"சாகேப், இந்த வரி யாருக்கு? எனக்கா? நான் பஸ் காசுகூட வாங்கலையே."

"உங்க ரத்தத்துக்கு யாருங்க விலை போட்டா? பை இருக்கு, குளிர்பெட்டி இருக்கு, சோதனை இருக்கு" என்றார் பெண்ட்சே.

"அதுக்கெல்லாம் தனித்தனியா வரி போட்டிருக்கீங்க. அதுல நான் தகராறு பண்ணலை. இது எதுக்கு?"

"தேடினதுக்கு."

"தேடினது நீங்களா? நானில்ல வந்தேன்!"

பெண்ட்சே பேனாவை மூடி மூடித் திறந்தாராம். அந்த நேரம் டாக்டர் தாயி அங்கே வந்தார். அப்போது அந்த பெண்ட்சே, நாம் திட்டிய அதே பெண்ட்சே, சொன்னதைக் கேள்: "தாயி, வருஷம் பூரா எத்தனை பாட்டில் வெளிய போகுது நம்மகிட்டேர்ந்து. ஒவ்வொண்ணு மேலயும் எட்டணா வெச்சா யாருக்கும் வலிக்காது. இப்படி ஒருத்தி வரும்போது இருபத்து மூணையும் அவ தலையிலேயே எழுத வேண்டியதில்ல." தாயி, "இதை ஏன்யா இத்தனை வருஷமா சொல்லலை?" என்றார். "யாரும் கேக்கலையே, எல்லாரும் கத்தினாங்க" என்றார் பெண்ட்சே. ஆஸ்பத்திரி முழுக்க அப்படி மாறுமா, தெரியாது. என் காகிதத்தில் தனிக் கட்டணத்தையும் பொருந்தாத சோதனைகளையும் அடித்துவிட்டார்கள்.

அன்று மதியம் கங்காராம் என் கட்டில் அருகில் உட்கார்ந்து சாப்பிட்டார். "யாரு உங்களை அனுப்பினா?" என்று கேட்டேன். கையைக் கழுவிக்கொண்டு யோசித்தார். "சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா சோறு போட்ட வீட்டுல மறைச்சா அந்தச் சோறு ஒட்டாது" என்றார். பிறகு சொன்னார்.

அவர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இவரிடமும் இன்னும் சொல்லவில்லை. நீ எழுது, அண்ணா. உன் கையால் எழுது.

உன் தங்கை
ஹிரா


வாஷி
14 ஏப்ரல் 1994

என் ஹிராவுக்கு அண்ணனின் ஆசிகள்.

நீ சுகமாக இருக்கிறாய் என்று கையில் கடிதத்தோடு மாலன் மார்க்கெட்டுக்கே ஓடிவந்தாள். புதுவருஷத்துக்கு ஏற்றும் குடிக் கம்பத்தை இந்த முறை கூரைக்கு மேல் இன்னும் ஒரு முழம் உயரமாகக் கட்டினோம். எழுதச் சொன்னாய். மூன்று தாள் கிழித்தாயிற்று.

அந்தத் திங்கட்கிழமை மதியம் பையோடும் பஸ் சீட்டோடும் சான்றுத் தாள் வாங்க ரத்த வங்கிக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே அந்தப் பெண், எனக்கு முடிவு சொன்னவள், ஓடிவந்து கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை, நம் வகை. குளிர்பெட்டி காலி. ஊரில் இந்த ரத்தம் உள்ள இன்னொருவர் போன மாதம்தான் கொடுத்திருந்தார். "நீங்கதான் இருக்கீங்க" என்றாள்.

"நான் என் தங்கச்சிக்குக் கொடுக்கப் போறேன்" என்றேன். சீட்டைக் காட்டினேன். "ஒரு தடவை கொடுத்தா மூணு மாசம் கொடுக்க முடியாது, எனக்குத் தெரியும், நான் உங்களைக் கட்டாயப்படுத்தலை" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு அழுதாள். பெஞ்சில் ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான், பிள்ளை பெற்றவளின் புருஷன். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் தங்கைக்குப் போகிறேன் என்றது அவன் காதில் விழுந்தது, தலையைக் குனிந்துகொண்டான். அவன் காலைப் பிடித்துக் கெஞ்சியிருந்தால் நான் பஸ் ஏறியிருப்பேன் என்று நினைக்கிறேன். கெஞ்சுகிறவர்களைத் தள்ளிவிட்டுப் போக மார்க்கெட் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

"என் தங்கச்சி எத்தனை நாள் தாங்குவா?" என்று கேட்டேன். "அது எனக்கு எப்படிண்ணா தெரியும்? இவ சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டா" என்றாள்.

நீ ஹோலிவரை என்று எழுதியிருந்தாய். உனக்கு நாள் இருக்கிறது, அவளுக்கு மணி நேரம்கூட இல்லை என்று கணக்குப் போட்டதாகச் சொல்லலாம். அது பொய். கணக்கு எதுவும் போடவில்லை. வாசல் பக்கம் திரும்பினேன், கால் நகரவில்லை, அவ்வளவுதான். படுத்துக் கையை நீட்டிக்கொண்டேன். பை நிரம்ப நிரம்ப, இது ஹிராவுடையது, இது ஹிராவுடையது என்று மனம் அடித்துக்கொண்டது. அந்தப் பெண் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் ரத்தம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். பிள்ளை பெற்றவள் பெயர் சுலோசனா. பெண் குழந்தை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன், ஹிரா. நீ நம்ப வேண்டும். என் பஸ் வந்தது, போனது. வெறும் உடம்போடு வந்து உன் கட்டில் பக்கத்தில் எப்படி நிற்பேன்? கொடுத்துவிட்டேன், உனக்கு வைத்திருந்ததை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? நீ என்னைக் கோழை என்று நினைத்தால் பரவாயில்லை, உன்னைவிட ஒரு அந்நியப் பெண் எனக்குப் பெரிதாகிவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாதே என்றுதான் எழுதாமல் விட்டேன். மாலனுக்கு மட்டும் தெரியும். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கங்காராம் சுலோசனாவின் அண்ணன். குஹாகரிலிருந்து மறுநாள்தான் வந்து சேர்ந்தார். அந்தக் குடும்பத்திடமும் அதே சீட்டைக் கொடுத்திருந்தார்கள், அதே ரத்தத்தில் திருப்பித் தரவும் என்று. கங்காராம் தன்னைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். அவருக்கும் நம் ரத்தம் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "இங்க கொடுத்தா பெட்டியில கிடக்கும். மீரஜ்ல ஒருத்தி கட்டில்ல கிடக்கா. அங்க போய்க் கொடுத்தா திருப்பிக் கொடுத்ததா ஆகாதா?" அவள் பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, ஆகும் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரத்த வங்கியின் பழைய பதிவேட்டைப் பார்த்து பெல்காம் டீச்சருக்குத் தந்தி கொடுத்ததும் அவள்தான்.

அதற்கெல்லாம் ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு மாதமும் தபால்காரரைக் கண்டால் மூட்டைகளுக்குப் பின்னால் போய் நிற்பேன். உன் மார்ச் ஏழாம் தேதிக் கடிதத்தை, உஜ்வலாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதை இன்னும் இரண்டாவது தடவை பிரிக்கவில்லை. நீ இல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. செய்தது சரியா என்றும் தெரியாது. நீ சொல். நீ சொல்வதுதான் எனக்குத் தீர்ப்பு. திட்டுவதானாலும் முழுத் தாளில் திட்டு.

ஜோதிராம் மாப்பிள்ளைக்கு நமஸ்காரம். அவரிடம் சொல்வதும் மறைப்பதும் உன் விருப்பம்.

ஷஹாஜி


மணேராஜூரி
26 ஏப்ரல் 1994

அன்புள்ள ஷஹாஜி அண்ணாவுக்கு,

தங்கை ஹிராவின் நமஸ்காரம். பார், வீட்டு முகவரியிலிருந்து எழுதுகிறேன். நேற்று திராட்சைப் பந்தல்வரை நடந்துபோய் வந்தேன், கண் இருட்டவில்லை. பிள்ளைகள் சுகம். மாமியாரும் சுகம், மறுபடி திட்ட ஆரம்பித்துவிட்டார், அதனால் எனக்கும் உடம்பு தேறிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். முடித்ததும் இவர் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். "ஊசியைப் பாத்து ஓடினான்னு எத்தனை பேர்கிட்ட சொன்னேன்னு கணக்கில்ல. இப்ப ஒவ்வொருத்தர் வீடா போய் இல்லேன்னு சொல்லணுமே" என்றார். இதுவரை ஏழெட்டு வீடு போயிருக்கிறார். போகிற இடமெல்லாம் கதையைக் கொஞ்சம் கூட்டியும் சொல்கிறார். ஊர் எல்லையில் உனக்கு மாலை காத்திருக்கிறது, வரும்போது நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா.

தீர்ப்பு கேட்டிருக்கிறாய். ஒரு வாரமாக அதைத்தான் யோசிக்கிறேன். 'நான் உன் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், அண்ணா' என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒரு வரி எழுதவும் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பொய்யை உனக்கு அனுப்ப முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்தத் திங்கட்கிழமை நீ கவுண்டரில் நின்றபோது எனக்குத் தொலைபேசி போட்டு, "ஹிரா, இங்கே ஒருத்தி சாகக் கிடக்கிறாள், என்ன செய்யட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் "அவளை விட்டுவிட்டு வா" என்றுதான் சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயத்தில் இருந்தேன், அண்ணா. என் பிள்ளைகள் முகம்தான் தெரிந்தது, வேறு யார் பிள்ளை முகமும் தெரியவில்லை. நான் சொல்லியிருந்தால் நீயும் வந்திருப்பாய், சின்ன வயதிலிருந்து நான் கேட்டதை நீ மறுத்ததில்லை.

இப்போது கங்காராம் மாங்காய்க் கூடையோடு ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறார். சுலோசனாவும் குழந்தையும். குழந்தை ஸ்டூடியோக்காரரைப் பார்த்து முகத்தைச் சுளித்திருக்கிறது, ஈரலைப் பார்த்த என்னைப் போலவே. அந்தப் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். தலை வாரும்போதெல்லாம் ஒரு நிமிஷம் கை நின்றுவிடுகிறது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒருத்தி, அங்கே உட்கார்ந்து முகம் சுளிக்கிறாள்.

நல்லவேளை, அண்ணா, நீ என்னைக் கேட்கவில்லை.

உன் தங்கை
ஹிரா